கிளப்பில் அடிக்கும் பாட்டு மனப்புண்ணை ஆற்றுமா?

கேள்வி: 'கறுப்பின மக்களின் நடன இசையை வைத்து மனக்காயங்களை ஆற்றுகிறேன்' என்று ஒரு கிளப் டிஜே சொல்லிக் கேட்டேன். காது கிழியும் அந்த இரைச்சலில் என்ன ஆறுதல்? இது வெறும் விளம்பரமா, உண்மையிலேயே ஏதாவது இருக்கிறதா?

பதில்: இருக்கிறது. விளம்பரத்துக்காகச் சொல்பவர்களும் உண்டு, ஆனால் விஷயம் பொய்யில்லை. நான் ஒலியமைப்புத் தொழிலில் இருப்பவன். அமெரிக்காவின் சிகாகோவில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். 'ஹவுஸ்' என்று பெயர் பெற்ற இந்த நடன இசை பிறந்த ஊரில் பாட்டுப் போடுகிறவர்களுக்கு ஸ்பீக்கர் அடுக்கிக் கொடுத்தும், ஆடுகிறவர்களோடு விடியும்வரை நின்றும் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

'ஹீலிங்' என்றதும் நமக்குப் புல்லாங்குழலும் மழைச் சத்தமும் கண்ணை மூடிப் படுத்திருப்பதும்தான் நினைவுக்கு வரும். அதற்கு ஓய்வு என்று பெயர். நீங்கள் கேட்டிருப்பது துக்கத்தைப் பற்றி, அதிலும் வாய்விட்டு அழ இடம் கொடுக்கப்படாதவர்களின் துக்கத்தைப் பற்றி. வீட்டிலும் தெருவிலும் வேலையிடத்திலும் வாயை மூடியே பழகியவர்களிடம் போய் அமைதியாக உட்கார் என்று சொல்வதில் என்ன ஆறுதல் இருக்கிறது? அவர்களுக்குச் சத்தம் வேண்டும், கூட்டம் வேண்டும், யாரும் எழுப்பி அனுப்பாத ஒரு நீண்ட இரவு வேண்டும்.

அடிமைகளாக அட்லாண்டிக் கடலைக் கடத்திக் கொண்டுபோகக் கப்பலில் ஏற்றப்பட்ட ஆப்பிரிக்கர்கள் சுமார் 1 கோடியே 25 லட்சம் பேர் என்று கப்பல் பதிவேடுகளை வைத்து வரலாற்றாசிரியர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அவர்களில் ஏறத்தாழ 18 லட்சம் பேர் கரையைப் பார்க்கவே இல்லை. மிஞ்சியவர்களின் வழிவந்தவர்களைப் 'புலம்பெயர்ந்தவர்கள்' என்று எழுத எனக்குக் கை வருவதில்லை. புலம் பெயர்க்கப்பட்டவர்கள் அவர்கள்.

1739-இல் அமெரிக்காவின் தென் கரோலினாவில் ஸ்டோனோ ஆற்றருகே அடிமைகள் கிளர்ந்து எழுந்தபோது முரசு கொட்டிக்கொண்டு நடந்தார்கள். மறு வருடமே வந்த சட்டம், அடிமைகள் கையில் முரசும் கொம்பும் இருக்கவே கூடாது என்றது. முரசைப் பிடுங்கலாம், தாளத்தை எப்படிப் பிடுங்குவது? ஜார்ஜியா, தென் கரோலினா கடலோரங்களில் 'ரிங் ஷவுட்' என்றொரு வழிபாடு இருந்தது. ஒருவர் துடைப்பக் கட்டையால் மரத்தரையைக் குத்துவார். அதுதான் முரசு. ஒருவர் ஒரு வரியை எடுத்துக் கொடுப்பார், பின்னால் நிற்பவர்கள் கை தட்டிக்கொண்டே பதில் வரி பாடுவார்கள். நீளப் பாவாடை கட்டிய பெண்கள் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் வட்டமாகச் சுற்றி வருவார்கள். காலைத் தரையிலிருந்து எடுக்கக் கூடாது, ஒன்றின் குறுக்கே ஒன்றை வைக்கவும் கூடாது. வைத்தால் அது நடனம், பாவம். இழுத்து இழுத்து நகர்ந்தால் அது தொழுகை. மணிக்கணக்காக நடக்கும். ஜார்ஜியாவின் மெக்கின்டாஷ் கவுண்டியில் ஒரு குழு இதைக் கைவிடாமல் காப்பாற்றி வந்தது. 1993-இல் அமெரிக்க அரசின் தேசிய மரபுக் கலைஞர் விருது அவர்களுக்குக் கிடைத்தது.

இப்போது ஒரு ஹவுஸ் பாட்டைப் போட்டுக் கேளுங்கள். நாலு அடியிலும் விழும் கிக், அதாவது பெரிய முரசின் அடி, அந்தத் துடைப்பக் கட்டை மாதிரியே தரையைக் குத்தும். இரண்டாவது, நாலாவது அடியில் கைதட்டல். ஒரு குரல் கூப்பிட, இன்னொரு கூட்டம் பதில் சொல்லும். அதிலிருந்து நேராக இது பிறந்தது என்று கோடு போட்டுக் காட்ட முடியாது. நடுவில் தேவாலயப் பாட்டு, பிறகு ப்ளூஸ், சோல், எழுபதுகளின் நடன இசையான டிஸ்கோ என்று பல கை மாறியிருக்கிறது. ஆனால் உடம்பு ஒன்றைக் கற்றுக்கொண்டால் தலைமுறைக்கும் அதை வைத்திருக்கும் என்பதை அந்த மக்கள் ஆடும்போது பக்கத்தில் நின்று பார்த்தால் யாரும் சொல்லாமலே புரியும்.

அமெரிக்காவின் தென் மாநிலங்களிலிருந்து லட்சக்கணக்கான கறுப்பின மக்கள் ரயிலேறி சிகாகோவுக்கு வந்தார்கள். தாமஸ் டோர்சியும் அப்படி ஜார்ஜியாவிலிருந்து வந்தவர், ப்ளூஸ் பியானோ வாசித்துக்கொண்டிருந்தவர். 1932-இல் மனைவி பிரசவத்தில் இறந்தார், குழந்தையும் பிழைக்கவில்லை. அந்தத் துக்கத்தில் அவர் எழுதிய பாட்டு இன்றைக்கும் கறுப்பினத்தவர் சவ அடக்கங்களில் பாடப்படுகிறது. சிகாகோவின் பில்கிரிம் பாப்டிஸ்ட் தேவாலயத்தில் அவர் நடத்திய பாடகர் குழுவிலிருந்துதான் கறுப்பினத் தேவாலயங்களில் பாடப்படும் இன்றைய கோஸ்பல் இசை பெரிய அளவில் கிளைத்தது. கோஸ்பலில் ஒரு வழக்கம் உண்டு: பாட்டு முடியப்போகும் நேரத்தில் முடியாது. ஒரே ஒரு வரியில் குழு நின்றுவிடும். அதையே திரும்பத் திரும்பப் பாடி, ஒவ்வொரு சுற்றிலும் சுருதியையும் வேகத்தையும் ஏற்றிக்கொண்டே போவார்கள். யாராவது ஒருவர் உடைந்து அழும்வரை விடமாட்டார்கள். 'ஒரே வரியையே பத்து நிமிடம் போடுகிறார்களே' என்று ஹவுஸ் இசையைக் குறை சொல்கிறவர்கள் இதை ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் பார்க்க வேண்டும்.

இனி விஷயத்தின் நடுவுக்கு வருகிறேன். 1977-இல் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியைச் சேர்ந்த ஃபிராங்கி நக்கிள்ஸ் என்ற 22 வயது இளைஞர் சிகாகோவுக்கு வந்தார். ராபர்ட் வில்லியம்ஸ் என்பவர் தெற்கு ஜெஃபர்சன் தெருவில் 206-ஆம் எண் கட்டடத்தில் நடத்திய 'வேர்ஹவுஸ்' கிளப்பில் பாட்டுப் போடுவதற்காக. அந்தப் பெயரின் பின்பாதிதான் பிறகு 'ஹவுஸ்' என்று ஓர் இசைக்கே பெயரானது. அங்கே வந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின, லத்தீன் தன்பாலீர்ப்பு இளைஞர்கள். சிறு வயதில் தேவாலயக் குழுவில் பாடி வளர்ந்து, தாங்கள் யார் என்று தெரியவந்ததும் அதே தேவாலயத்தால் ஒதுக்கப்பட்டவர்கள் அவர்களில் பலர். கிருபையிலிருந்து விழுந்தவர்களுக்கான தேவாலயம் என்று நக்கிள்ஸே அந்த இடத்தைச் சொல்லியிருக்கிறார். அலங்காரத்துக்காகச் சொன்ன உவமை இல்லை அது. சனிக்கிழமை இரவு தொடங்கி ஞாயிறு பகல்வரை ஆட்டம் நடக்கும். மது கிடையாது, பழச்சாறும் தண்ணீரும்தான். கோயில் வாசல் மூடியவர்களுக்கு, கோயில் நேரத்திலேயே, கோஸ்பல் வளர்த்த ஊரிலேயே இன்னொரு வாசல் திறந்தது.

நக்கிள்ஸ் செய்த ஒரு காரியத்தை அங்கே ஆடியவர்கள் இன்றும் சொல்லிச் சிலிர்ப்பார்கள். ஆட்டம் உச்சத்தில் இருக்கும்போது எல்லா விளக்கையும் அணைத்துவிடுவார். கும்மிருட்டு. பிறகு ஒரு ரயில் ஓடும் சத்தத்தைப் பதிவிலிருந்து போடுவார். ஒரு மூலை ஸ்பீக்கரில் தொடங்கி ரயில் அந்த அறைக்குள்ளேயே குறுக்கே பாய்ந்து போவது போல இருக்குமாம். கூட்டம் கத்தும். ஒலி வேலை செய்கிறவனாக எனக்கு அதன் நுட்பம் தெரியும், பெரிய விஷயமில்லை. ஆனால் பாட்டனும் பாட்டியும் தெற்கிலிருந்து தப்பி ரயிலேறி வந்த பிள்ளைகள் இருட்டில் அந்தச் சத்தத்தைக் கேட்டு என்னவாகியிருப்பார்கள் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். கோஸ்பலில் ரயில் என்றால் விடுதலை. நக்கிள்ஸ் அதை நினைத்துத்தான் போட்டார் என்று சொல்லவில்லை. எனக்குப் படுவதைச் சொல்கிறேன்.

அதே சிகாகோவில் 1979 ஜூலை 12 அன்று காமிஸ்கி பேஸ்பால் மைதானத்தில் ஒரு வானொலி அறிவிப்பாளரின் ஏற்பாட்டில் டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்தார்கள். இசைத்தட்டு ஒன்றைக் கொண்டுவந்தால் 98 சென்ட்டில் உள்ளே போகலாம். வெடித்த பிறகு ஆயிரக்கணக்கானவர்கள் மைதானத்துக்குள் பாய்ந்ததில் அன்று நடக்க வேண்டிய இரண்டாவது பேஸ்பால் ஆட்டமே நடக்கவில்லை. அன்று அங்கே இருக்கை காட்டும் வேலையில் இருந்த வின்ஸ் லாரன்ஸ் என்ற கறுப்பினச் சிறுவன் ஒன்றைக் கவனித்தான்: மக்கள் கொண்டுவந்து கொடுத்தவற்றில் டிஸ்கோவே அல்லாத, கறுப்பினப் பாடகர்களின் இசைத்தட்டுகளும் ஏராளமாக இருந்தன. எதை உடைக்க வந்திருக்கிறார்கள் என்பது அவனுக்குப் புரிந்துவிட்டது. ஐந்தே வருடத்தில், 1984-இல், முதல் ஹவுஸ் இசைத்தட்டு என்று பலரும் குறிப்பிடுவதை ஜெஸ்ஸி சாண்டர்ஸுடன் சேர்ந்து உருவாக்கியவர் அதே லாரன்ஸ். எந்த ஊரில் தகர்த்தார்களோ அதே ஊரில், தாளம் போடும் மலிவான ரிதம் மெஷினை வைத்துக்கொண்டு.

பிறகு எய்ட்ஸ் வந்தது. முதல் மருத்துவ அறிக்கை 1981 ஜூன் 5-இல் வெளியானது. பலன் தரும் கூட்டு மருந்துகள் வர 1996 ஆகிவிட்டது. நடுவில் இருந்த பதினைந்து வருடத்தை யோசித்துப் பாருங்கள். போன வாரம் பக்கத்தில் ஆடியவர் இந்த வாரம் இல்லை. பல குடும்பங்கள் சாவின் காரணத்தையே மறைத்தன. கூட வாழ்ந்தவரைச் சவ அடக்கத்துக்கு வரவிடாத வீடுகளும் இருந்தன. துக்கம் விசாரிக்கக்கூட ஆளில்லாதவர்கள் எங்கே போவார்கள்? சனிக்கிழமை இரவு ஆடப் போனார்கள். நியூயார்க்கின் கிங் தெருவில் இருந்த 'பாரடைஸ் கராஜ்' கிளப்பில் 1982 ஏப்ரலிலேயே எய்ட்ஸ் நிவாரணத்துக்கு நிதி திரட்டும் நிகழ்ச்சி நடந்தது. அரசு வாயே திறக்காத காலம் அது. அந்தக் கிளப்பை நடத்திய மைக்கேல் பிராடி 1987 செப்டம்பரில் அதை மூடினார். டிசம்பரில் அவரும் அதே நோயில் போய்ச் சேர்ந்தார்.

கராஜில் பாட்டுப் போட்டவர் லாரி லெவன், நக்கிள்ஸின் இளமைக்கால நண்பர். அவரைப் பற்றி ஒன்று சொல்வார்கள்: ஆட்டத்தின் நடுவே ஏணி போட்டு ஏறி, மேலே தொங்கும் கண்ணாடி உருண்டையைத் துடைப்பாராம். கூட்டம் காத்திருக்கும். ஒளி சரியாக விழாவிட்டால் அவருக்குப் பாட்டு சரியாக இருக்காது. வீட்டுக்கு விருந்தாளி வருமுன் கூடத்தைத் துடைப்பது போன்ற அக்கறை அது. ஆனால் அதே லெவன் போதைப் பழக்கத்தில் உடம்பைக் கெடுத்துக்கொண்டு 1992 நவம்பர் 8 அன்று, 38 வயதில், இதயம் நின்று இறந்தார். ஆயிரம் பேரைத் தூக்கி நிறுத்தியவரை அந்த இசை காப்பாற்றவில்லை. இதைச் சொல்லாமல் மேலே எழுதினால் நான் உங்களுக்குப் பொய் சொன்னதாகிவிடும்.

சரி, டிஜே கையால் என்னதான் செய்கிறார்? இசைத்தட்டை அடுத்தடுத்து வைப்பதுதானே என்று கேட்பீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு வயதான டிஜே-யின் கையை மட்டும் ஓர் இரவு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டுகளைக் கலக்கும் மிக்சரில் பேஸ், மிட், ட்ரெபிள் என்று கீழ், நடு, மேல் ஒலிகளுக்கு மூன்று பெரிய குமிழ்கள். அவர் விரல் எப்போதும் பேஸ் குமிழின் மேலேயே இருந்தது. மூன்று மணி சுமாருக்கு ஒரு பாட்டில் பேஸை மெல்ல மெல்லக் குறைத்தார், முழுதாக எடுத்தார். பியானோவும் ஒரு பெண் குரலும் மட்டும் மிஞ்சின. காலடியில் தரை இல்லாத மாதிரி ஆகிவிட்டது. ஆடியவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள், சிலர் பாடினார்கள். பதினாறு எண்ணிக்கையில் பேஸ் திரும்பும் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம். அவர் கொடுக்கவில்லை. கூட்டத்தில் ஓர் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஒருவர் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு நின்றார், இன்னொருவர் அவர் தோளைப் பிடித்திருந்தார். அந்தக் கைகள் முகத்திலிருந்து கீழே வந்த பிறகுதான் குமிழைத் திருப்பினார். தரை திரும்பி வந்தது. நான் பக்கத்தில் நின்றிருக்காவிட்டால் அவர் அந்த ஒருவருக்காக நானூறு பேரை நிறுத்தி வைத்திருந்தது யாருக்கும் தெரிந்திருக்காது.

இதில் உடலியல் பக்கமும் உண்டு. ஹவுஸ் பாட்டின் வேகம் நிமிடத்துக்குச் சுமார் 120 அடி, நாம் சுறுசுறுப்பாக நடக்கும் காலடியின் வேகம். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஓர் இசை நிகழ்ச்சியின் நடுவே, காதுக்குப் பிடிபடாத 8 முதல் 37 ஹெர்ட்ஸ்வரையிலான ஒலியைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை போட்டும் நிறுத்தியும் பார்த்தார்கள். அது ஓடிய நேரத்தில் மக்கள் 11.8 சதவீதம் கூடுதலாக அசைந்தார்கள், காரணம் தெரியாமலே. 2022-இல் அந்த ஆய்வு வெளிவந்தது. இன்னொன்று, ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் பிரேசிலில் பள்ளி மாணவர்களை ஆடவைத்துப் பார்த்து 2015-இல் வெளியிட்டது. ஆடுவதற்கு முன்னும் பின்னும் இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கையில் இறுக்கி, வலியை எதுவரை தாங்குகிறார்கள் என்று அளந்தார்கள். ஒரே அசைவைச் சேர்ந்து ஆடியவர்களுக்குத் தாங்கும் அளவு கூடியிருந்தது, கூட ஆடியவர்களிடம் ஒட்டுதலும் கூடியிருந்தது. கொஞ்சம் கவனமாகவே இதைச் சொல்கிறேன். மன அழுத்த நோய்க்கு இது மருந்தாகாது. மருத்துவரிடம் போக வேண்டியவர் போகத்தான் வேண்டும். மாத்திரையை நிறுத்திவிட்டு ஆட வா என்று எந்த டிஜே-யாவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

சிகாகோவோடு இது நிற்கவில்லை. லண்டனில் கிளப்புகள் கறுப்பினத்தவரை வாசலிலேயே திருப்பி அனுப்பிய காலத்தில், ஜமைக்காவிலிருந்து வந்தவர்கள் வீட்டுக்குள்ளேயே ஆளுயர ஸ்பீக்கர் வைத்துக் கூடினார்கள். 1981 ஜனவரி 18 அன்று நியூ கிராஸில் அப்படி ஒரு பிறந்தநாள் வீட்டில் தீப்பிடித்து 13 இளம் பிள்ளைகள் இறந்தார்கள். அந்த வருடங்களில் ஜா ஷாகா போன்று அங்கே பாட்டுப் போட்டவர்கள், இசைத்தட்டைச் சுழற்றும் ஒற்றை டர்ன்டேபிளை வைத்துக்கொண்டு இரவெல்லாம் நடத்திய கூட்டங்கள் பிரார்த்தனைக்குச் சற்றும் குறைந்தவை அல்ல. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ட்ரெக்சியா என்ற பெயரில் இசையமைத்த இருவர் வேறு ஒன்று செய்தார்கள். அடிமைக் கப்பல்களிலிருந்து கடலில் வீசப்பட்ட கர்ப்பிணிகளின் வயிற்றுப் பிள்ளைகள் நீருக்கடியில் மூச்சுவிடப் பழகி ஒரு தேசமாக வாழ்கிறார்கள் என்று ஒரு கதையைக் கட்டி, டெக்னோ என்ற தங்கள் மின்னணு நடன இசையையே அந்தத் தேசத்தின் ஒலியாக்கினார்கள். கல்லறைகூட இல்லாத பிள்ளைகளுக்கு ஒரு தேசம். இதைவிடப் பெரிய ஆறுதல் முயற்சி இசையில் எனக்குத் தெரிந்து இல்லை.

கோவிட் ஊரடங்கில் 2020 மார்ச் 21 இரவு, டி-நைஸ் என்ற டிஜே தன் வீட்டிலிருந்தே இன்ஸ்டாகிராம் நேரலையில் பாட்டுப் போட்டார். ஒரே நேரத்தில் 1 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் உள்ளே இருந்தார்கள். உள்ளே வருகிறவர்களின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். பேஸ் கிடையாது, இருட்டு கிடையாது, பக்கத்தில் வியர்வை வாசம் கிடையாது. பெயர் சொல்லிக் கூப்பிட ஒருவர் இருந்தார். பலருக்கு அந்த இரவில் அது போதுமானதாக இருந்தது.

சிகாகோவில் ஜூலை 4-ஐ ஒட்டி ஜாக்சன் பூங்காவில் 'சோசன் ஃப்யூ' டிஜே-க்களின் பிக்னிக் நடக்கும். 1990-இல் ஒரு குடும்ப ஒன்றுகூடலாகத் தொடங்கியது, இப்போது பல்லாயிரம் பேர் வருகிறார்கள். கூடாரம் போட்டு, கரியடுப்பில் இறைச்சி சுட்டு, பேத்தியும் பாட்டியும் ஒரே பாட்டுக்கு ஆடுவார்கள். நான் போயிருந்த வருடத்தில் எங்கள் பக்கத்துக் கூடாரத்தில் ஏழெட்டுப் பேர் ஒரே மாதிரி டி-ஷர்ட் போட்டிருந்தார்கள். முன்புறம் ஓர் இளைஞனின் படம், கீழே பிறந்த தேதியும் இறந்த தேதியும். அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா, "என் தம்பி. இந்த இடத்தில்தான் எப்போதும் நிற்பான்" என்று புல்தரையைக் காட்டினார். அந்த இடத்தில் யாரும் நாற்காலி போடவில்லை. அவனுக்குப் பிடித்த பாட்டு வந்ததும் எல்லோரும் அதைச் சுற்றி ஆடினார்கள். அழவில்லை, சிரித்துக்கொண்டே ஆடினார்கள்.

இப்போது நீங்கள் கேட்ட டிஜே-க்கு வருகிறேன். அவர் சொல்வது உண்மையா என்று பார்க்க என்னிடம் சில அளவுகோல்கள் உண்டு. இந்த இசை யாருடைய துக்கத்திலிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியுமா, பெயர்களைச் சொல்கிறாரா? அந்த மக்களை விட்டுவிட்டு ஆறுதலை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறவர்களை நான் நம்புவதில்லை. இரவு எவ்வளவு நேரம்? ஒன்றரை மணி நேரத்தில் யாருடைய மனதும் திறக்காது. வாசலில் யாரைத் திருப்பி அனுப்புகிறார்கள்? டிக்கெட் விலையில் யார் வெளியே நின்றுவிடுகிறார்கள்? ஆடாமல் சும்மா உட்கார ஓர் ஓரமும் குடிக்கத் தண்ணீரும் இருக்கிறதா? கைபேசியால் படம் எடுப்பதைத் தடுக்கிறார்களா? அழுகிற ஒருவரை யாராவது படமெடுத்துப் போட்டுவிட்டால் அந்த இடம் அன்றோடு முடிந்தது.

போவதாக இருந்தால் காதுக்கு அடைப்பான் வாங்கிக்கொண்டு போங்கள். 100 டெசிபல் சத்தத்தைக் காது சுமார் 15 நிமிடம்தான் பாதுகாப்பாகத் தாங்கும், கிளப்பில் அந்த அளவு சாதாரணம். நல்ல அடைப்பான் பேஸை முழுதாகத் தடுக்காது, அது எப்படியும் நெஞ்சு வழியாக வந்துவிடும். கூட்டம் சேருமுன், தொடக்கத்திலேயே போய்விடுங்கள். ஆட வராது என்று தயங்க வேண்டாம். சுவரோரம் நின்று எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றிக்கொண்டிருந்தாலே போதும். முதல் இரண்டு மணி நேரம் ஒன்றும் நடக்காது. நின்றுகொண்டிருங்கள்.